தேதி, தொகை, கையொப்பம்: அன்றாட ஆவணங்களை எழுதும் முறை

ஓர் ஆவணத்தில் உள்ள செய்தி உண்மையாக இருக்கலாம். அதை எழுதியவரின் நோக்கம் நேர்மையாக இருக்கலாம். கணக்கில் போதிய பணமும் இருக்கலாம். ஆயினும் தேதி மயக்கம் தந்ததாலோ, எண்ணில் ஒரு சுழி விடுபட்டதாலோ, கையொப்பம் வேறு மாதிரியாக அமைந்துவிட்டதாலோ அந்தத் தாள் ஏற்கப்படாமல் திரும்பி வந்துவிடுகிறது. கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாளன்று கொடுத்த காசோலை இப்படித் திரும்பினால், அதனால் விளையும் இழப்பு திருப்புக் கட்டணத்தோடு நின்றுவிடுவதில்லை.

கடிதம், காசோலை, பட்டியல், விண்ணப்பம் ஆகியவற்றுக்கென வழக்கத்தில் உள்ள அமைப்பு முறைகளை வெறும் அலுவலகச் சடங்கு என்று நினைப்போர் உண்டு. அவற்றுள் சில சடங்காகவே ஆகிவிட்டன என்பதும் உண்மை. ஆனால் பெரும்பாலானவை ஏதோ ஒரு மோசடியையோ மயக்கத்தையோ தடுப்பதற்காகத் தோன்றியவை. அந்தக் காரணம் தெரிந்துவிட்டால் முறை தானாகவே நினைவில் நிற்கும்.

தேதி

02/03/2025 என்று எழுதினால் நம் நாட்டில் அது மார்ச் 2. அமெரிக்க வழக்கப்படி மாதம் முன்னே வருவதால், அங்குள்ள ஓர் அலுவலகத்தில் அதே தேதி பிப்ரவரி 3. வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ மகளோ அனுப்பும் ஆவணங்களில் இந்த மயக்கம் அடிக்கடி நேர்கிறது. மாதத்தை எழுத்தில் எழுதி, ஆண்டை நான்கு இலக்கங்களில் குறித்துவிட்டால் இதற்கு இடமே இல்லை: 2 மார்ச் 2025. ஆண்டை இரண்டு இலக்கங்களோடு நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2/3/20 என்று முடித்த தேதியின் பின்னால் வேறு எவரும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துத் தமக்கு வேண்டிய ஆண்டாக மாற்றிக்கொள்ள முடியும்.

காசோலையில் தேதிக்கென எட்டுக் கட்டங்கள் இருப்பதால் வரிசை பற்றிய குழப்பம் இல்லை. நாள், மாதம், ஆண்டு என்பதே முறை. அங்கு நேரும் பிழை வேறு வகையானது. ஜனவரி மாதத்தில் கைப்பழக்கத்தால் சென்ற ஆண்டையே எழுதிவிடுவோர் பலர். காசோலை அதில் குறித்த தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், அன்று காலை எழுதிய காசோலையே ஓராண்டுப் பழையதாகி, காலாவதி என்று திரும்பிவிடும். 2012 ஏப்ரல் 1-க்கு முன்னர் இந்தக் காலவரம்பு ஆறு மாதங்களாக இருந்தது. இன்றும் அந்தப் பழைய கணக்கையே நம்பிக் காசோலையைப் பீரோவில் வைத்திருப்போர் இருக்கிறார்கள்.

பலர் அறியாத செய்தி ஒன்று. இந்திய அரசு 1957-இல் சக ஆண்டு முறையைத் தேசிய நாட்காட்டியாக ஏற்றது. அந்த நாட்காட்டியின்படி தேதியிட்ட காசோலையும் செல்லும். அதை வங்கிகள் ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அவ்வாறு எழுதுபவர்கள் அரியர். எழுதினால் அது தவறன்று.

கணினியில் கோப்புகளுக்குப் பெயரிடும்போது மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்குவது நல்லது. 2025-03-02 என்று ஆண்டு முதலில் வருமாறு பெயரிட்டால், கணினி அகரவரிசையில் அடுக்கும்போது கோப்புகள் கால வரிசையிலும் தாமே அமைந்துவிடும். பன்னாட்டுத் தர நிறுவனம் தேதிகளுக்கென வகுத்த முறையும் இதுவே. வருமான வரிக் கணக்குக்காகப் பன்னிரண்டு மாதக் கணக்கு அறிக்கைகளைத் தேடிச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தொகை

காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் இருமுறை எழுதுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எது செல்லும்? எழுத்தால் எழுதப்பட்ட தொகையே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. எண்ணில் ஒரு சுழி சேர்ப்பது எளிது. சொல்லை மாற்றுவது கடினம். ஆகையால் சட்டம் சொல்லின் பக்கம் நிற்கிறது. ஆனால் நடைமுறையில், இரண்டும் வேறுபடும் காசோலையை வங்கிகள் பெரும்பாலும் அந்தக் காரணத்தைக் குறித்தே திருப்பி அனுப்பிவிடுகின்றன. சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்ற துணிவில் வேறுபாட்டோடு கொடுத்துவிட வேண்டாம்.

தொகைக்குப் பின் “மட்டும்” என்று எழுதுவதும், எண்ணுக்குப் பின் சாய்கோடும் சிறுகோடும் இட்டு 5,000/- என்று முடிப்பதும் ஒரே வேலையைச் செய்கின்றன. அவை கதவுக்குத் தாழ்ப்பாள். பின்புறம் இப்படி அடைபடுகிறது. முன்புறத்தை நாம் பெரும்பாலும் திறந்தே விடுகிறோம். “இலட்சம் மட்டும்” என்று எழுதி அதன்முன் இடைவெளி விட்டால், அங்கே “பத்து” என்ற சொல் சிரமமின்றி நுழைந்துவிடும். “ஓர் இலட்சம்” என்று, வரியின் இடது ஓரத்திலிருந்தே, சொற்களுக்கிடையே பெரிய இடைவெளியின்றி எழுத வேண்டும். பெறுபவரின் பெயருக்கும் இதே விதிதான். பெயர் முடிந்தபின் எஞ்சிய இடத்தை ஒரு கோட்டால் நிரப்பிவிட வேண்டும்.

காசோலைப் படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படுகிறது. ஆனால் வாடிக்கையாளர் அதை இந்தியிலோ, ஆங்கிலத்திலோ, அந்தந்த வட்டார மொழியிலோ எழுதலாம். எனவே தமிழில் எழுதிய காசோலை செல்லும். தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் மொழியில் 900 என்பது தொள்ளாயிரம். 9,000 என்பது ஒன்பதாயிரம். நூறுகளில் வரும் எண்ணின் பெயரிலேயே “ஆயிரம்” ஒலிக்கிறது. தொண்ணூறும் அப்படியே, நூறைத் தன்னுள் வைத்துக்கொண்டு 90-ஐக் குறிக்கிறது. தமிழைப் புதிதாகக் கற்ற ஓர் அலுவலர் இதில் தடுமாறுவது இயல்பு. இத்தகைய தொகைகளில் எழுத்துகள் சிறிதும் சிதையாமல், பிரித்தறியும்படி எழுதினால் போதும்.

காற்புள்ளியிலும் இரு மரபுகள் உள்ளன. நாம் முதல் மூன்று இலக்கங்களுக்குப் பின் இரண்டிரண்டாகப் பிரிக்கிறோம்: 12,34,567. மேலைநாட்டு வழக்கில் அனைத்தும் மூன்று மூன்றாகவே: 1,234,567. கணினியின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் நம் விலைப்பட்டியல்களும் மேலைநாட்டு முறையில் அச்சாகும். தொகை மாறுவதில்லை; ஆனால் இலட்சம், கோடி என்று படித்துப் பழகிய கண் ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் 10,00,000 ஒரு கோடியாகப் படிக்கப்படுகிறது. கணினியின் வட்டார அமைப்பை இந்தியா என்று மாற்றிவிட்டால் காற்புள்ளியும் தேதியும் ஒருசேரச் சரியாகும். 2010 ஜூலையில் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீடும் (₹) இன்றைய எழுத்துருக்களில் உண்டு. பழைய எழுத்துருக்களில் அதற்குப் பதிலாக ஒரு வெற்றுக் கட்டம் தோன்றும், அத்தகைய சமயத்தில் “ரூ.” என்று எழுதுவதே மேல்.

திருத்தமும் கையொப்பமும்

முன்பெல்லாம் காசோலையில் பிழை நேர்ந்தால், அடித்து எழுதி அருகில் ஒரு கையொப்பமிட்டால் போதும். காசோலையே கிளைக்குக் கிளை பயணம் செய்த காலம் அது. இப்போது தாள் பயணம் செய்வதில்லை; அதன் பிம்பம் மட்டுமே செல்கிறது. 2008-இல் தில்லியிலும் 2011-இல் சென்னையிலும் தொடங்கிய இந்தப் பிம்பமுறைத் தீர்வு இன்று நாடெங்கும் பரவிவிட்டது. பிம்பத்தை மட்டும் பார்க்கும் அலுவலரால், திருத்தம் உண்மையானதா என்று தாளைத் தடவிப் பார்த்தோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோ சொல்ல முடியாது. ஆகவே காலவரம்பைப் புதுப்பிப்பதற்காகத் தேதியை மாற்றுவது தவிர, பெயரிலோ தொகையிலோ எந்தத் திருத்தமும் ஏற்கப்படுவதில்லை, எத்தனை கையொப்பம் இட்டாலும். புதுக் காசோலை எழுதுவதே வழி. கறுப்பு அல்லது அடர்நீல மையால் எழுதுவதும், முத்திரையைக் கையொப்பத்தின் மீதோ தொகையின் மீதோ குத்தாமல் இருப்பதும் பிம்பம் தெளிவாக அமைவதற்காகவே.

2021 ஜனவரி முதல், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளின் விவரங்களை வாடிக்கையாளர் முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் வசதி நடைமுறையில் உள்ளது. 5 இலட்சத்துக்கும் அதற்கு மேலும் அதை வங்கிகள் கட்டாயமாக்கலாம். தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை இங்கே காசோலையில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். ஒன்றில் முழுப் பெயரும் மற்றொன்றில் சுருக்கப் பெயருமாக எழுதுவது வீண் சிக்கல்.

கையொப்பத்தில் வெளித்தெரியாத ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் சார்பாகவோ சங்கத்தின் சார்பாகவோ காசோலையில் கையொப்பமிடுபவர், தாம் பிரதிநிதியாகவே கையொப்பமிடுகிறோம் என்பதைத் தாளிலேயே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவரே நேரடியாகப் பொறுப்பாளியாகிறார். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கூறுகிறது. நிறுவனத்தின் பெயரோடு “சார்பாக” என்றும், கையொப்பத்தின் கீழ்ப் பதவியும் குறிக்கப்படுவது இதனால்தான். குடியிருப்போர் சங்கத்துக்கும் கோயில் திருப்பணிக் குழுவுக்கும் பொருளாளராக இருக்கச் சம்மதிக்கும் அன்பர்கள் இந்த ஒரு வரியை அலட்சியம் செய்யலாகாது.

கணக்கு எண்ணும் எக்செல் பட்டியலும்

சிறு தொழில் நடத்துவோர் மாதந்தோறும் ஊழியர்களின் பெயர், கணக்கு எண், சம்பளத் தொகை ஆகியவற்றை எக்செல் பட்டியலாக வங்கிக்கு அனுப்புகிறார்கள். இங்கே நேரும் பிழைகள் கண்ணுக்கே தெரிவதில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகக் கூற வேண்டும்.

எக்செலைப் பொறுத்தவரை கணக்கு எண் என்பதும் ஓர் எண். கூட்டவும் பெருக்கவும் உரியது. எண்ணின் முன்னுள்ள சுழிக்கு மதிப்பில்லை என்று கருதி அதை நீக்கிவிடும். 00412 எனத் தொடங்கும் கணக்கு, 412 எனத் தொடங்கும் வேறொன்றாகிவிடுகிறது. எண் நீளமானால் அதைச் சுருக்கி, பத்தின் அடுக்குகளாகக் காட்டும். அதைப் பார்த்தவுடன் பிழை என்று தெரிந்துவிடுவதால் அது அத்துணைத் தீங்கன்று. தீங்கு அடுத்ததில்தான் இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை உள்ளிட்டால் கடைசி இலக்கம் ஓசையின்றிச் சுழியாகிவிடும். பட்டியலைப் பார்ப்பவருக்கு எண் முழுமையாகவே தோன்றும். நீளமும் சரியாக இருக்கும். எண் மட்டும் அவருடையதாக இராது.

மின்னணுப் பணப்பரிமாற்றத்தில் தொகை கணக்கு எண்ணை வைத்தே வரவு வைக்கப்படுகிறது. சரியான எண்ணைத் தரும் பொறுப்பு அனுப்புபவருடையது. பெயர் சரியாக இருந்தது என்பது மட்டும் காப்பாற்றாது. 2025 ஏப்ரல் முதல், பணம் அனுப்புமுன் அந்தக் கணக்கு யார் பெயரில் உள்ளது என்று பார்க்கும் வசதி இணையவழிப் பரிமாற்றத்தில் வந்துள்ளது. ஒருவருக்கு அனுப்பும்போது அதைப் பயன்படுத்துவது எளிது. நாற்பது பேர் கொண்ட பட்டியலிலோ முதற்பாதுகாப்பு பட்டியலைத் தயாரிப்பவர் கையில்தான் இருக்கிறது.

அதற்கு உரிய முறை இது. எண்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் “உரை” வகையாக மாற்றிவிட வேண்டும். உள்ளிட்ட பின் மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது. ஓரிரு எண்கள்தாம் என்றால் எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி இட்டாலும் போதும். சில வங்கித் தளங்கள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய கோப்பைக் கேட்கும். அந்தக் கோப்பை ஒருமுறை உருவாக்கியபின் மீண்டும் எக்செலில் திறந்து சேமித்தால் சுழி நீக்கம் மறுபடியும் நிகழ்ந்துவிடும். சரிபார்க்க வேண்டுமாயின் நோட்பேட் போன்ற எளிய செயலியில் திறந்து பார்ப்பதே பாதுகாப்பு. இத்தகைய கோப்பில் தொகைக்குள் காற்புள்ளி இடவும் கூடாது. 25,000 என்பது 25 என்றும் 000 என்றும் இரு பத்திகளாகப் பிரிந்துவிடக்கூடும்.

கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள் உள்ளன. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள். கடைசி ஆறும் கிளையைக் குறிப்பவை. ஐந்தாவது இடத்தில் இருப்பது எப்போதும் சுழி. ஆங்கில எழுத்தான “ஓ” அன்று. இது தெரியாமல் எழுத்தை இட்டுவிட்டு, குறியீடு தவறு என்று கணினி மறுக்கும்போது திகைப்போர் ஏராளம்.

கடிதம்

கிளைக்கு எழுதும் கடிதத்தின் மரபான உறுப்புகளை நாம் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம்: அனுப்புநர், பெறுநர், நாள், பொருள், பார்வை, செய்தி, கையொப்பம், இணைப்பு. இவற்றுள் “பொருள்” என்ற வரியே கடிதத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. ஒரு நாளில் வரும் கடிதங்களைப் பிரித்து உரிய அலுவலரிடம் சேர்ப்பவர் அந்த வரியை மட்டுமே படிக்கிறார். “உதவி வேண்டி” என்று எழுதினால் அது எந்த மேசைக்குப் போகும்? “சேமிப்புக் கணக்கு எண் இன்னது – முகவரி மாற்றம் – தொடர்பாக” என்று எழுதினால் கடிதம் தானே வழியறிந்து செல்லும். முன்பு நடந்த கடிதத் தொடர்பு ஏதேனும் இருப்பின் அதன் எண்ணையும் நாளையும் “பார்வை” என்பதன்கீழ்த் தர வேண்டும்.

செய்தியில் வேண்டுகோள் முதலில் வரட்டும். காரணம் பின்னால் வரலாம். குறிப்பாக, குடும்பத்தில் ஒருவர் மறைந்தபின் அவருடைய கணக்கு குறித்து எழுதும் கடிதங்களில், துயரத்தின் மிகுதியால் நோய் வரலாறும் மருத்துவமனைச் செய்தியும் ஒரு பக்கத்தை நிரப்பிவிடுகின்றன. கணக்கு எண்ணும் மறைந்த நாளும் நியமனதாரர் பெயரும் எங்குமே இல்லாமல் போகின்றன. அந்த மூன்றும், எழுதுபவருக்கும் மறைந்தவருக்கும் உள்ள உறவும், தொலைபேசி எண்ணும் இருந்தால் நான்கு வரிக் கடிதமே போதுமானது. அந்தக் குடும்பத்தினர் கிளைக்கு இன்னொரு முறை அலைய வேண்டியிராது.

கூட்டுக் கணக்கானால், எவரேனும் ஒருவர் இயக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தாலும், அந்த ஏற்பாட்டையே மாற்றக் கோரும் கடிதத்தில் அனைவரும் கையொப்பமிட வேண்டும். இணைப்புகளை எண்ணிக்கையோடு வரிசைப்படுத்தி எழுதுவதும், கடிதத்தின் நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பமும் முத்திரையும் வாங்கி வைப்பதும் பழைய வழக்கங்கள். அவை இன்றும் பயன் தருகின்றன.

தாளும் எழுத்தும்

இந்தியாவின் அலுவலகத் தாள் இன்று ஏ4; 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. நீதிமன்றங்களில் நெடுங்காலம் வழங்கிய நீண்ட தாள்களை விடுத்து, உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாளுக்கும் இருபக்க அச்சுக்கும் மாறியது. இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட வேண்டும் என்பது அழகுக்காக அன்று. நம் அலுவலகங்களில் தாளைத் துளையிட்டு டேக் கயிற்றால் கோப்பில் கட்டுகிறார்கள். ஓரம் குறைந்தால் வரியின் முதல் எழுத்துகள் கயிற்றுக்குள் போய்விடும்.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு எழுத்துரு ஒரு தனிச் சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஒருங்குறியில் அடித்தால் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும். தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருவை விட மனமில்லாதவர்கள் மின்னஞ்சலில் அனுப்புமுன் பிடிஎஃப் கோப்பாக மாற்றியேனும் அனுப்ப வேண்டும்.

நகல்கள்

அடையாளச் சான்றின் ஒளிநகலில் வெறும் கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கொடுத்த நகல் எங்கும் பயன்படும். நாம் அறியாத இடத்திலும் பயன்படும். நகலின் குறுக்கே, அச்செழுத்துகளை முழுதும் மறைக்காதபடி, எந்த நிறுவனத்துக்கு, எந்த நோக்கத்துக்கு, எந்த நாளில் தரப்பட்டது என்று எழுதிக் கையொப்பமிட்டால் அதை வேறிடத்தில் காட்டுவது கடினமாகிவிடும். ஆதாரைப் பொறுத்தவரை, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு கடைசி நான்கு மட்டும் தெரியும் வடிவத்தை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்தே பதிவிறக்கலாம். அடையாளம் மட்டுமே தேவைப்படும் இடங்களில் அதைக் கொடுப்பது நல்லது.

ஒளிநகல் கடையில் கைப்பேசியிலிருந்து அனுப்பி அச்செடுத்தால், அச்சு வந்ததும் கடைக் கணினியில் உள்ள கோப்பை நீக்கச் சொல்லி, நீக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். சாய்ந்தும் மங்கியும் வந்த நகல்களைக் கடைக் குப்பைக்கூடையில் விட்டுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து கிழிப்பதும் நம் வேலையே.